உள் அறைச் சுவரின் பூசணம்

ஸ்கேன் ரிப்போர்ட் பன்னிரண்டு மணிக்கு வரும் என்று சொல்லியிருக்கிறார்கள். இப்போது மணி பத்தரை. நெஞ்சு நோய் வார்டுக்கு வெளியே சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உள்ளே மூன்றாவது கட்டிலில், மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருப்பவர் காசியம்மா. என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எட்டு மாதத்துக்கு முன்னால் இதே வார்டில் நான் படுத்திருந்தேன். நான் எழுந்து வந்துவிட்டேன். அண்ணியின் நுரையீரல் மருந்துக்குத் தேறுமா தேறாதா என்பது அந்த ரிப்போர்ட்டில் தெரிந்துவிடும்.

என் பெயர் கோவிந்தம்மா. ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு சின்ன ஊரில் அங்கன்வாடி டீச்சர். பிள்ளைகளின் எடையையும் உயரத்தையும் ரிஜிஸ்டரில் எழுதிப் பழகிய கை இது. போன முறை வீட்டுக்கு அனுப்பும்போதே டாக்டரம்மா, "நடந்ததை எழுதி வைங்க கோவிந்தம்மா, உங்க மலையில இருக்கிறவங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். உயிரோடு திரும்பிய சந்தோஷத்தில் யார் எழுதுவார்கள்? இன்றைக்கு வேறு எதுவும் செய்ய வழியில்லை. கை சும்மா இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

வீட்டிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். நோயும் அங்கிருந்துதான் ஆரம்பித்தது.

கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து மண்சுவரும் கூரையுமான ஒற்றை அறை வீடு. அதைப் பற்றிப் பெருமை பேச எனக்கு ஒன்றும் இல்லை. மழைக்கு ஒழுகும், தேள் விழும், அடுப்புப் புகையில் கண் எரியும். தொகுப்பு வீடு கேட்டு ஆபீஸ் ஆபீஸாக நடையாய் நடந்தேன். "இன்னாம்மா, நேத்துதான வந்துட்டு போன?" என்று ஒருவர் சலித்துக்கொண்டபோது, "நாளைக்கும் வருவேன் சார், எனக்கும் சேத்து டீ சொல்லி வைங்க" என்றேன். என் வாய் அப்படி. அந்த வாயால்தான் வீடு வந்தது என்று என் வீட்டுக்காரர் வெங்கடேசன் ஊரெல்லாம் சொல்லுவார்.

முன் அறை, உள் அறை, மேலே கான்கிரீட் தளம். புதுமனை புகுவிழாவுக்குச் செங்கத்திலிருந்து என் தம்பி ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தான். நானும் அவரும் கைகூப்பி நிற்கிற படம். படத்தில் நான் நிஜத்தைவிடச் சிவப்பாக இருந்தேன். அண்ணி அதைப் பார்த்துவிட்டு, "யார்றா இந்த சினிமாக்காரி?" என்று சிரித்தார். புருஷன் இறந்த பிறகு எங்களோடு வந்துவிட்டவர் அண்ணி. பிள்ளை இல்லை. எனக்கும் பிள்ளை இல்லை. அதனாலோ என்னவோ எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை வந்ததே கிடையாது.

எங்களுக்குச் சாமைதான் பயிர். அறுத்து வந்து பாறைமேல் போட்டு அடிப்போம். வைக்கோலையும் பாறைமேலேயே போர் போடுவோம். கறையான் ஏறாது, மழைத் தண்ணீர் சரிவில் ஓடிவிடும். காலம் காலமாக அப்படித்தான். புது வீட்டின் தளத்தைப் பார்த்ததும் மூன்று பேருக்கும் ஒரே யோசனைதான் வந்தது.

"வூட்டு மேலயே ஒரு பாற கீதுடா தம்பி" என்றார் அண்ணி. "இனிமே ஆடு மாடு வாய் வெக்காது பாரு."

தளத்தின் மேல் ஆள் உயரத்துக்குப் போர் போட்டோம். பாறைக்குச் சரிவு உண்டு, தளத்துக்குக் கிடையாது, சுற்றிலும் கைப்பிடிச் சுவர் வேறு என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையை எல்லாம் அந்தப் போர் குடித்து வைத்துக்கொண்டது. மாசி வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளத்துக்குள் இறக்கியது. எங்கள் ஊரில் இன்னும் நாலைந்து வீட்டில் தளத்தின் மேல் போர் இருக்கிறது. அவர்களுக்காகத்தான் இதை இவ்வளவு விளக்கமாகச் சொல்கிறேன்.

முதல் மழைக்காலத்திலேயே உள் அறைச் சுவர் வேர்த்தது. கையை வைத்தால் ஈரம். மூலையில் மிளகு தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் வந்தன. பூசணம். துடைத்தேன், பத்து நாளில் மறுபடி வந்தது. பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்தேன், பொங்கலுக்கு நீல பெயிண்ட் அடித்தோம், பெயிண்டுக்கு மேலேயே வந்தது. இத்தனை பாடுபட்டு வாங்கின வீட்டில் பூசணம் என்று நாலு பேர் பேசக்கூடாதே! நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்த ஃப்ளெக்ஸை எடுத்து அந்தச் சுவர்மேல் ஆணி அடித்து மாட்டினேன். கறுப்பு மறைந்துவிட்டது. வருகிறவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அடுத்த வருஷம் கார்த்திகையில் எனக்கு இருமல் வந்தது. மலைக் குளிர்தானே என்று விட்டுவிட்டேன். பிறகு சாயங்காலம் ஆனால் காய்ச்சல், நடுக்கம், உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. காலையில் அங்கன்வாடிக்குப் போய் மத்தியானம் வரை பிள்ளைகளோடு இருந்தால் கொஞ்சம் தேவலை. தை மாதத்தில் அதுவும் போயிற்று. வீட்டிலிருந்து சென்டருக்கு இருநூறு அடி இருக்கும். நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க வாயைத் திறந்தால் இரண்டாவது வரிக்கு மூச்சு இல்லை. எடை குறைந்த பிள்ளைகளை நான் குறித்து அனுப்புவது போய், அந்தப் பிள்ளைகளின் தாய்மார்கள் என்னைப் பார்த்து, "இன்னா டீச்சர், பாதியாய்ட்டீங்க?" என்று கேட்டார்கள்.

மலையிறங்கி ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஊர் பெயர் வேண்டாம். சளியில் டிபி கிருமி இல்லை. ஆனால் எக்ஸ்ரேயில் இரண்டு பக்கமும் புகை மூட்டம் போலத் தெரிந்தது. சளியில் கிருமி தெரியாத டிபியும் உண்டு என்று சொல்லி ஆறு மாத மாத்திரையை ஆரம்பித்தார்கள். அந்த டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். இருமல், காய்ச்சல், எடை குறைவு மூன்றும் சேர்ந்தால் எங்கள் பக்கம் யாருக்கும் முதலில் டிபிதான் தோன்றும். நானே என் சென்டருக்கு வந்த எத்தனையோ பேரை அப்படித்தான் அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வாரம் படுக்கையில் வைத்திருந்தார்கள். ஐந்தாம் நாளே காய்ச்சல் இல்லை, சாப்பாடு இறங்கியது. மாத்திரை வேலை செய்கிறது என்று எல்லோருக்கும் சந்தோஷம். ஜீப்பில் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அண்ணி எனக்காக உள் அறையைத் தயார் செய்து வைத்திருந்தார். எங்கள் மலையில் நெஞ்சுச் சளிக்காரரைக் காற்று அண்டவிடக் கூடாது. பிள்ளை பெற்றவளுக்கும் அப்படித்தான், காய்ச்சல்காரருக்கும் அப்படித்தான். ஜன்னலைச் சாத்தி, மேலே கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார். காற்றோட்டத்துக்கு விட்டிருந்த ஓட்டைகளில் கோணித் துணி அடைத்திருந்தார். தரை சில்லிடும் என்று தளத்துப் போரிலிருந்து வைக்கோலை உருவி வந்து முழங்கால் உயரத்துக்குப் பரப்பி, அதன்மேல் பாய், பாய்மேல் கம்பளி. தலைமாடு எங்கே? அந்த ஃப்ளெக்ஸ் சுவரோரம்.

"அம்மா வூட்ல கூட உனுக்கு இப்டி மெத்த கெடச்சிருக்காது" என்றார் அண்ணி.

நிஜம்தான். அந்தக் கதகதப்பில் அப்படியே தூங்கிப்போனேன். மூன்றாம் நாள் மறுபடி காய்ச்சல்.

இப்படி நாலு தடவை. ஆஸ்பத்திரிக்குப் போவேன், தேறுவேன். வீட்டுக்கு வருவேன், விழுவேன். ஒவ்வொரு தடவையும் முந்தினதைவிட மோசமாக விழுந்தேன். ஒவ்வொரு தடவையும் அண்ணி பழைய வைக்கோலை அள்ளி உதறி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டார். உதறும்போது அறை முழுக்க வெள்ளைப் புகை மாதிரித் தூசி எழும். எனக்குத் துணையாக அவரும் அங்கேயே, என் காலடியில் ஒரு பாய் போட்டுப் படுத்துக்கொண்டார். வெங்கடேசன் மலைக்கொல்லையில் பயிர்க் காவலுக்குப் போனால் அங்கேயே பரணில் படுப்பார், வீட்டில் இருந்தால் முன் அறை. உள் அறைக்குள் நாங்கள் இரண்டு பேர்தான்.

நாலாவது தடவை விழுந்ததும் அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"கோவிந்தம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காத. ஆஸ்பத்திரில நல்லாத்தான் கீற. வூட்டுக்குள்ள கால வெச்சா படுத்துக்கற. இந்த வூட்ல ஏதோ கீதுமா."

"அய்ய, இன்னா அண்ணி நீங்க? பேய் புடிச்சிருக்குன்னு டீச்சருக்கே சொல்றீங்களா?" என்று எரிந்து விழுந்தேன். எரிந்து விழவும் மூச்சு வேண்டுமே, பாதியில் இருமல் வந்துவிட்டது.  மறுநாள் அண்ணி எனக்குத் தெரியாமல் ஒரு சேவலை அறுத்து வாசலில் ரத்தம் விட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. படித்தவள் வீட்டில் இப்படியா என்று இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று இப்போது தெரிகிறது. வீட்டில் ஏதோ இருந்தது. என் தலைக்கு ஒரு முழ தூரத்தில், என் படத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

ஆடி மாதம் ஒரு நாள் காலை என் உதடும் நகமும் நீலமாகிவிட்டன. வெங்கடேசனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஜீப் பிடித்து, போளூர் வந்து, அங்கிருந்து ஆம்புலன்ஸில் இந்தப் பெரிய ஆஸ்பத்திரி. விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று அது சொல்லும். தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டுமாம். எனக்கு எழுபத்தாறு. நர்ஸ் அதைக் கழற்றி, தன் விரலில் மாட்டிப் பார்த்து, மறுபடி எனக்கு மாட்டினார்.  மெஷின் கெட்டுப்போயிருக்கக் கூடாதா என்று அவரே நினைக்கிறார் என்றால் நான் எங்கே இருக்கிறேன்?

மூச்சு முட்டுவதைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். வலி என்றால் கத்தலாம். இதில் கத்தவும் முடியாது. அடுத்த மூச்சு, அதற்கடுத்த மூச்சு, அவ்வளவுதான் உலகம். புருஷன் நினைப்பு இல்லை, சாமி நினைப்பு இல்லை. நான் செத்துப்போகிறேன் என்று நன்றாகத் தெரிந்தது. பேப்பர் கேட்டு வாங்கி, "அண்ணியைக் கடைசி வரை பாத்துக்கோங்க" என்று வெங்கடேசனுக்கு எழுதிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு வெளியே போய் இந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாராம். பிறகு சொன்னார்.

டெஸ்ட்டுகளைச் சொல்கிறேன், பயந்து ஓடாதீர்கள். ஒரு குழாயில் ஊதச் சொல்வார்கள். "ஊது ஊது ஊது ஊது" என்று பக்கத்தில் நின்று ஒருவர் கத்துவார். நுரையீரல் எவ்வளவு காற்றைப் பிடிக்கிறது என்று பார்ப்பதற்கு. எனக்குப் பாதி கூட இல்லை. சிடி ஸ்கேன் என்பது படுத்த வாக்கில் ஒரு வளையத்துக்குள் போய் வருவது. நெஞ்சைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தது போலப் படம் கிடைக்கும், வலிக்காது. ஆக்சிஜன் கொஞ்சம் ஏறின பிறகு மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, நுரையீரலுக்குள் உப்புத் தண்ணீர் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். அதுதான் கொடுமை. ஐந்து நிமிஷம்தான் என்றார்கள். கிணற்றுக்குள் அமுக்கிப் பிடித்தது போலிருந்தது. 

அந்தத் தண்ணீரிலும் டிபி இல்லை. டாக்டரம்மா சின்னப் பெண், என்னைவிடப் பத்து வயது இளையவராக இருப்பார். ஒரு நாள் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வி கேட்டார்.

"வீட்ல புறா வளக்கறீங்களா?"

"இல்ல."

"கிளி, கோழி?"

"கோழி கூண்டுல, வெளியதான்."

"ஏர்கூலர் இருக்கா?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மேடம், எங்க ஊரு குளிருக்குப் போத்திக்க ஒரு கம்பளியே போதல. கூலர் எதுக்கு?" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "சரி, இதைச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்கு வந்தா எத்தனை நாள்ல தேறுறீங்க? வீட்டுக்குப் போனா எத்தனை நாள்ல படுக்கறீங்க?"

சொன்னேன். எழுதிக்கொண்டார். "அப்போ உங்க வீட்லதான் ஏதோ இருக்கு" என்றார். சேவல் அறுத்த அண்ணி சொன்ன அதே வார்த்தை. 

வெங்கடேசன் மலைக்குப் போய் செல்போனில் போட்டோ எடுத்துவந்தார். "எல்லாச் சுவரையும் எடுங்க, மாட்டியிருக்கிறதை எல்லாம் கழற்றிட்டு எடுங்க" என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ஃப்ளெக்ஸைக் கழற்றின படத்தைப் பார்த்தபோது அது என் வீடு என்றே நான் நம்பவில்லை. சுவர் முழுக்க, தரையிலிருந்து கூரை வரை, கருங்கம்பளி போர்த்தியது போல் பூசணம். ஓரத்தில் பச்சை, அங்கங்கே வெள்ளைப் பஞ்சு. கழற்றின ஃப்ளெக்ஸின் பின்பக்கமும் அப்படியே. வைக்கோலை உதறிக் காட்டச் சொன்ன வீடியோவில் தூசியைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை.

நோயின் பெயர் ஹைப்பர்சென்சிட்டிவிட்டி நிமோனைட்டிஸ். நல்ல மூச்சு இருக்கிறவர்களுக்கே ஒரே மூச்சில் சொல்ல வராது. டாக்டரம்மா எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். பூசணம் கண்ணுக்குத் தெரியாத தூளாகத் தன் விதையைப் பறக்கவிடும். மூச்சில் அது உள்ளே போகும். பலருக்கு ஒன்றும் ஆகாது. சிலர் உடம்பு அதை எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் போகும். சண்டை நடக்கிற இடம் நுரையீரல், வீங்குவதும் நுரையீரல். இது ஒட்டுவாரொட்டி இல்லை. தூளை விட்டு விலகினால் வீக்கம் வடியும். விலகாமல் மாசக்கணக்கில் சுவாசித்தால் வீக்கம் தழும்பாகிவிடும்.

"இந்த வீட்டுக்குள்ள நீங்க இனிமே போகக்கூடாது. ஈரம் நின்னு, பூசணம் முழுக்க போய், சுவர் சுத்தமான பிறகு பார்க்கலாம்" என்றார்.

ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். வீக்கத்தை அடக்குகிற மருந்து. முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிற்று, பசி பசியாக எடுத்தது. பதினெட்டாம் நாள் ஆக்சிஜன் இல்லாமல் நடந்தேன். வார்டில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். செங்கத்தில் தம்பி வீட்டுக்குப் போனேன், அங்கே உடம்பு தேறத் தேற, உயிர் போய் உயிர் வந்தவளுக்கு ஆசையும் திரும்பி வந்தது. என் வீடு எனக்கு வேண்டும். வேறு என்ன?

தை பிறந்ததும் அண்ணிக்குப் போன் போட்டேன். நான் சொன்ன வார்த்தை இதுதான், மாற்றாமல் எழுதுகிறேன்: "அண்ணி, செவுரு சுத்தமானாதான் நான் வர முடியுமாம். டாக்டர் சொல்லிட்டாங்க."

மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லவில்லை. ஜன்னலைத் திறந்து வையுங்கள், சுவரை நனைத்துவிட்டுச் சுரண்டுங்கள் என்றும் சொல்லவில்லை. டாக்டரம்மா அதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார். ஆள் வைத்துச் செய்யுங்கள் என்றும் சொல்லியிருந்தார். வெங்கடேசன் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் தளத்துப் போரை இறக்கி எரித்துவிட்டு, புளி சீசன் என்று குத்தகை மரங்களுக்குப் போய்விட்டார்.

அண்ணி தனியாக ஆரம்பித்தார். தேய்ந்த விளக்குமாறும் கொட்டாங்கச்சியும் வைத்து, காய்ந்த சுவரைக் கதவைச் சாத்திக்கொண்டு சுரண்டினார். பக்கத்து வீட்டுக்காரர்கள் பார்த்தால் என் மானம் போய்விடுமாம். பூசணத்தை ஊர் கண்ணுக்கு மறைத்தவள் நான்தானே. அவர் என்னிடம் கற்றுக்கொண்டதுதான் அது. சுரண்டினது திரும்ப வந்தது, திரும்பச் சுரண்டினார். ராத்திரியும் அந்த அறையிலேயே படுத்துக்கொண்டார். ஆள் புழங்கினால்தான் வீடு காயும் என்று யாரோ சொன்னார்களாம்.

வாரம் ஒரு தடவை போன் பண்ணுவார். "ஒரு பக்கம் முட்ச்சிட்டேன். சோக்கா கீது. இன்னும் மூலைதான் பாக்கி."

"இருமுறீங்களே அண்ணி?"

"தூசிம்மா. சொரண்டறேன் இல்ல."

இதே இருமலை வேறு ஒரு பெண் என் சென்டர் வாசலில் இருமியிருந்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பேன். யோசித்துப் பார்த்தால் அண்ணி அதற்கு முந்தின வருஷமே இருமிக்கொண்டுதான் இருந்தார். என் காலடியில் படுத்துக்கொண்டு, என் தூக்கம் கெடக்கூடாது என்று முந்தானையை வாயில் வைத்து இருமினார். அடுப்புப் புகை என்று விட்டுவிட்டோம். நானாவது நாலு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடி, அந்த அறையை விட்டு வெளியே இருந்தேன். அவருக்கு அந்த விடுதலை கூட இல்லை. போனில் அந்த இருமல் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும், இன்னும் ஒரு மூலைதானே, முடியட்டும் என்று இருந்துவிட்டேன். வீடு வேண்டியிருந்தது எனக்கு. இதைவிட நேராக எப்படிச் சொல்வது?

போன வாரம் வெங்கடேசன் புளி உலுக்கிவிட்டு வீடு திரும்பியபோது அண்ணி தண்ணீர்க் குடத்தோடு வாசலில் உட்கார்ந்திருந்தாராம். எழுந்திருக்க முடியவில்லை. நகம் நீலம்.

மணி பன்னிரண்டு ஆகப்போகிறது. கூப்பிடுகிறார்கள்.

மணி ஒன்றரை. மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா கம்ப்யூட்டரில் இரண்டு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். ஒன்று என்னுடையது, மற்றது அண்ணியுடையது. என் நெஞ்சில் பனி இறங்கினது போல் மங்கலாக இருந்தது. அண்ணியின் நெஞ்சில், கீழ்ப்பக்கம் முழுக்க, சின்னச் சின்ன ஓட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. மலைக்காரிக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. தேனடை.

"நாங்களும் அப்படித்தான் சொல்லுவோம்" என்றார் டாக்டரம்மா. "உங்களுக்கு இருந்தது வீக்கம், மருந்துக்கு வடிஞ்சது. இவங்களுக்கு இருக்கிறது தழும்பு. தழும்பு வடியாதும்மா. இன்னும் பரவாம இருக்க மருந்து தர்றோம். போனது போனதுதான்."

"ஆக்சிஜன எப்ப எடுப்பீங்க?"

"எடுக்க முடியும்னு தோணல. எங்க இருந்தாலும் அது வேணும்."

"எவ்ளோ நாளு மேடம்?"

"நாள் கணக்கு சொல்ல முடியாது. வருஷக்கணக்கு இல்லைன்னுதான் நினைக்கறேன்."

"அந்த சுவத்த சொரண்டாம இருந்திருந்தா?"

 "அதுக்கு முன்னாடியே தழும்பு இருந்திருக்கும். ஆனா இவ்ளோ வேகமா போயிருக்காது" என்றார். பொய் சொல்லாததற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். என்னால் சொல்ல முடியவில்லை.

முகத்தைக் கழுவிக்கொண்டு வார்டுக்குப் போனேன். அண்ணி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தைக்கு ஒரு மூச்சு என்று பேசினார்.

"டாக்டரம்மா இன்னா சொல்லுச்சி? எனுக்கும் உனுக்கு வந்ததுதான?"

"ஆமாங்க அண்ணி. எனக்கு வந்ததுதான்."

"அப்ப செரி." முகம் தெளிந்துவிட்டது. "நீ தேறி எழுந்துட்ட இல்ல. நானும் எழுந்துடுவேன். மாத்திரதான?"

"மாத்திரதான் அண்ணி."

கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்கிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு என் கையைப் பிடித்தார்.

"செவுத்த... பாத்தியா? ஒரு புள்ளி இல்ல. உனுக்காகத்தான்... பளிச்சுனு வெச்சிருக்கேன்."

நான் இன்னும் அந்த வீட்டுக்குள் போகவில்லை.

"பாத்தேன் அண்ணி" என்றேன். "பளிச்சுனு கீது."